2014இல் வந்த ஜாவா 8ஐ அலுவலகங்கள் ஏன் இன்னும் விடவில்லை?

கேள்வி இது: “சென்னையில் ஒரு ஐடி சேவை நிறுவனத்தில் ஜாவா டெவலப்பராக இருக்கிறேன். எங்கள் புராஜெக்ட் இன்னும் ஜாவா 8இல்தான் ஓடுகிறது. கேட்டால், ‘ஓடிக்கிட்டு இருக்கிறதை எதுக்குத் தொடணும்’ என்கிறார்கள். இது வெறும் சோம்பலா, வேறு காரணம் உண்டா? மேனேஜரிடம் எப்படிப் பேசுவது? இங்கேயே இருந்தால் நான் கற்றதெல்லாம் பழசாகிப் போகுமா?”

சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். பழைய வெர்ஷனில் மாட்டிக்கொண்ட டீம்களில் பெரும்பாலானவை ராத்திரி பகலாக உழைக்கிற டீம்கள். ‘இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று எடுக்கும் முடிவை அந்தந்த வருடத்தில் வைத்துப் பார்த்தால் நியாயமாகவே இருக்கும். அப்கிரேட் செய்கிற வேலையும் அதில் வரும் பழியும் ஒரு டீமின் தலையில் விழுகின்றன. அதனால் மிச்சமாகும் பணம் சர்வர் பில்லிலோ ஆடிட்டிலோ மூன்று வருடம் கழித்து வேறு யாருடைய கணக்கிலோ தெரிகிறது. அதனால் யாரும் தொடங்குவதில்லை. இதைப் புரிந்துகொண்டால் மேனேஜரிடம் என்ன பேசுவது என்பதும் தானாகத் தெளிவாகும். அதனால் முதலில் காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜாவா என்ற நிரல்மொழியின் 8ஆம் வெர்ஷன் வந்தது 2014 மார்ச்சில். லாம்டா, ஸ்ட்ரீம், தேதி நேரத்துக்கான புதிய ஏபிஐ என்று எல்லாருக்கும் பிடித்த விஷயங்கள் அதில் இருந்தன. 7இலிருந்து 8க்கு மாறுவதும் பெரிய கஷ்டமாக இல்லை. அடுத்த வெர்ஷன் வர மூன்றரை வருடம் ஆனது. அதற்குள் உலகம் முழுக்க 8இல் செட்டில் ஆகிவிட்டது. 2017 செப்டம்பரில் வந்த ஜாவா 9, மாட்யூல் அமைப்பைக் கொண்டுவந்து, ஜேடிகே எனப்படும் ஜாவா கருவித்தொகுப்பின் உள்ளறைகளைப் பூட்டத் தொடங்கியது. ஜாவா நிரல்கள் பல அதுவரை அந்த உள்ளறைகளில் கையை விட்டுத்தான் வேலை செய்துகொண்டிருந்தன. நீங்கள் நேரடியாக அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்; நீங்கள் பயன்படுத்திய லைப்ரரி, அதாவது பிறர் எழுதிய ஆயத்த நிரல், எழுதியிருக்கும். ‘சன்.மிஸ்க்’ பேக்கேஜில் இருந்த பேஸ்64 என்கோடரைப் பழைய நிரல்களில் எத்தனை இடத்தில் பார்க்கலாம் என்று ஒரு தேடல் போட்டுப் பாருங்கள், புரியும்.

இன்னும் அற்பமான காரணங்களுக்காகக்கூட உடைந்தது. ஜாவா 8 தன் வெர்ஷனை 1.8.0 என்று சொல்லும். 9 தன்னை 9 என்று சொல்லிக்கொண்டது. ‘புள்ளிக்கு அடுத்த எண்ணை எடு’ என்று யாரோ பத்து வருடத்துக்கு முன் எழுதிய ஸ்டார்ட்-அப் ஸ்கிரிப்ட் அங்கேயே விழுந்தது. கிளாஸ்பாத்தில் (ஜாவா தன் நிரல் கோப்புகளைத் தேடும் இடங்களின் பட்டியலில்) என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக, சிஸ்டம் கிளாஸ்லோடரை யூஆர்எல் கிளாஸ்லோடர் என்று நம்பி மாற்றிக்கொண்ட நிரல் கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷனில் நின்றது. சர்வர் ஸ்டார்ட் ஆவதற்கே இத்தனை தடை என்றால், முதல் முயற்சியிலேயே பலர் கையை எடுத்துவிட்டார்கள்.

அதோடு ரிலீஸ் முறையும் மாறியது. ஆறு மாதத்துக்கு ஒரு வெர்ஷன். 9க்கு ஆதரவு ஆறே மாதம், 10க்கும் அப்படித்தான். ஒரு வங்கியிலோ காப்பீட்டு நிறுவனத்திலோ ரிக்ரஷன் டெஸ்டிங், அதாவது பழையதெல்லாம் இன்னும் ஓடுகிறதா என்ற சோதனை, முடியவே ஆறு மாதம் ஆகும். முடிகிற நாளில் அந்த வெர்ஷன் காலாவதி. அதனால் அடுத்த நீண்டகால ஆதரவு வெர்ஷனான 11 வரும்வரை காத்திருந்தார்கள். 2018 செப்டம்பரில் 11 வந்தபோது எக்ஸ்எம்எல்லுக்கான ஜாக்ஸ்-பி, வெப் சர்வீஸுக்கான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ், பழைய கோர்பா எல்லாம் ஜேடிகேயிலிருந்து நீக்கப்பட்டிருந்தன. எக்ஸ்எம்எல்லை நம்பி ஓடும் பழைய ஒருங்கிணைப்பு நிரல்கள் எல்லாம் ‘ஜாக்ஸ்-பி எக்ஸெப்ஷன் கிளாஸ் கிடைக்கவில்லை’ என்று விழுந்தன. உண்மையில் ஒரு டிபென்டன்சியை (நிரல் நம்பியிருக்கும் வெளி லைப்ரரியை) சேர்த்தால் தீருகிற பிரச்சினை அது. ஆனால் அதற்குள் ‘11க்குப் போனால் எல்லாம் உடையும்’ என்ற பேச்சு பரவிவிட்டது.

அதே சமயத்தில் லைசென்ஸும் மாறியது. ஜாவாவின் உரிமையாளரான ஆரக்கிள் வெளியிடும் ஜாவா 8இல் வணிகப் பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைத்த கடைசி அப்டேட் 2019 ஜனவரியில் வந்த 202. ஏப்ரலில் வந்த 211இலிருந்து லைசென்ஸ் வேறு. இதைப் பார்த்துப் பயந்துபோன பல நிறுவனங்கள் ‘யாரும் ஜாவாவைத் தொடக்கூடாது’ என்று உத்தரவு போட்டு 202லேயே உறைந்துவிட்டன. இன்றும் ஒரு சர்வரில் போய் ஜாவா வெர்ஷனைக் கேட்டால் 1.8.0, அடிக்கோடு, 202 என்று வந்தால் அதன் பின்னால் இந்தக் கதை இருக்க வாய்ப்பு அதிகம். 2023 ஜனவரியில் ஆரக்கிள் சந்தாக் கட்டணத்தை ஊழியர் எண்ணிக்கைக்கு மாற்றியது. ஜாவாவைத் தொடாத ஊழியரும் அந்தக் கணக்கில் வருவார். பயம் இன்னும் கூடியது. இத்தனைக்கும் ஓபன்ஜேடிகே என்ற திறந்த மூல ஜாவாவின் அடிப்படையில் டெமுரின், கொரெட்டோ, ஜூலு போன்ற இலவச பில்டுகள் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. சட்டப் பிரிவு ஒரு பெயரைப் பார்த்துப் பயந்தது. தொழில்நுட்பப் பிரிவு போய் விளக்கவில்லை.

அடுத்தது அப்ளிகேஷன் சர்வர். வெப்ஸ்பியரின் பாரம்பரிய வடிவமும் வெப்லாஜிக் 12சியும் ஜாவா 8உடன் கட்டிப்போடப்பட்டவை. உங்கள் நிரல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதை ஏற்றி ஓட்டுகிற சர்வர் 8ஐத் தாண்டாது என்றால் நீங்களும் தாண்ட முடியாது. அந்த சர்வரை மாற்றுவது என்பது லைசென்ஸ், கட்டமைப்பு, ஆபரேஷன்ஸ் டீமின் பயிற்சி எல்லாம் சேர்ந்த தனிப் புராஜெக்ட். ‘எங்கள் ஆபீஸில் ஜாவா 8’ என்று சொல்பவர்களில் கணிசமானோர் உண்மையில் சொல்ல வேண்டியது ‘எங்கள் ஆபீஸில் வெப்ஸ்பியர்’ என்பதுதான்.

இப்போது சேவை நிறுவனங்களுக்கே உரிய ஒரு காரணம். நீங்கள் அந்த இடத்தில் இருப்பதால் இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் கிளையன்ட் பணம் கொடுப்பார். மெயின்டெனன்ஸ் ஒப்பந்தத்தில் பக் சரி செய்வதும் சின்னச் சின்ன மாற்றங்களும் இருக்கும். மொழியின் வெர்ஷனை உயர்த்துவது இருக்காது. அதற்குத் தனியாக ஒரு சிஆர் (மாற்றக் கோரிக்கை) போட வேண்டும். சிஆரில் ‘இதனால் பயனருக்கு என்ன புதிதாகத் தெரியும்’ என்ற இடத்தில் எழுத ஒன்றும் இல்லை. எல்லாம் முன்பு ஓடியது போலவே ஓடும் என்பதுதான் இந்த வேலையின் வெற்றியே. அப்படி ஒரு சிஆரை கிளையன்ட் பக்கத்து மேனேஜர் தன் மேலதிகாரியிடம் கொண்டுபோய் எப்படி ஒப்புதல் வாங்குவார்? நான் பார்த்த இடங்களில் இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான அப்கிரேட் பேச்சுகள் நின்றன. தொழில்நுட்பக் காரணத்தால் நின்றவை குறைவு.

சரி, நின்றுவிட்டால் என்ன நஷ்டம்? ‘புதிய சின்டாக்ஸ் கிடைக்காது’ என்று மட்டும் நினைத்தால் ‘பரவாயில்லை’ என்றுதான் தோன்றும். நஷ்டம் வேறு இடங்களில் இருக்கிறது.

2021 டிசம்பரில் வெடித்த லாக்4ஷெல் நினைவிருக்கும். லாக்4ஜே என்ற, லாக் எழுதும் லைப்ரரியில் இருந்த ஓட்டை. தீவிரத்துக்கு 10க்கு 10 மதிப்பெண். அதற்கான முதல் திருத்தமாக வந்த 2.15 ஓட ஜாவா 8 வேண்டும். அப்போது 7இல் இருந்தவர்களுக்கும் 6இல் இருந்தவர்களுக்கும் தனித்தனியாகப் பழைய கிளைகளில் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கையால் ஜார் என்ற ஜாவா நிரல் பொதியைத் திறந்து, அதிலிருந்து ஒரு கிளாஸை மட்டும் அழித்துவிட்டு மூடுகிற தற்காலிக வழியும் அந்த நாட்களில் பரவலாகக் கையாளப்பட்டது. அன்று 7இல் இருந்தவர்கள் நின்ற இடத்தை நோக்கி இன்று 8இல் இருப்பவர்கள் நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். ஜாவா சர்வீஸ்களைக் கட்டப் பரவலாகப் பயன்படும் ஸ்பிரிங் பூட்டின் 3ஆம் வெர்ஷன், 2022 நவம்பரில் வந்தபோதே ஜாவா 17க்குக் கீழே ஓடாது என்று சொல்லிவிட்டது. 8இல் ஓடுகிற கடைசிக் கிளையான 2.7க்கு இலவச ஆதரவு 2023 நவம்பரில் முடிந்தது. ஆகவே ஜாவா 8க்குப் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) கிடைக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஆரக்கிளின் கட்டண ஆதரவு 2030 டிசம்பர் வரை இருக்கிறது, இலவச பில்டுகளுக்கும் பேட்ச் வருகிறது, சரிதான். ஆனால் உங்கள் நிரல் ஜாவாவை மட்டும் நம்பி ஓடவில்லையே. அதன் மேல் நிற்கிற நூறு லைப்ரரிகள் ஒவ்வொன்றாக 8க்கு விடை கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

கன்டெய்னர், அதாவது ஒரு இயந்திரத்துக்குள் நிரலுக்கு ஒதுக்கப்படும் தனிப் பெட்டி, இன்னொரு விஷயம். பழைய ஜாவா 8க்கு, கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் என்றால் என்னவென்றே தெரியாது. கன்டெய்னருக்கு 2 ஜிபி என்று நீங்கள் வரம்பு வைத்திருந்தாலும், அது அடியில் இருக்கிற 64 ஜிபி இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, அதில் கால் பங்கான 16 ஜிபியை ஹீப்பின் (நிரல் பயன்படுத்தும் மெமரியின்) உச்சமாக வைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் லினக்ஸ் கெர்னல் அதைக் கொன்றுவிடும். லாக்கில் ஒரு வரிகூட இருக்காது. 2018 அக்டோபரில் வந்த 191ஆம் அப்டேட்டில் இது சரியானது. ஆனால் புதிய லினக்ஸ்கள் அந்த வரம்பை வைக்கும் சிகுரூப் வசதியின் இரண்டாம் பதிப்புக்கு மாறியதும் அதே வியாதி திரும்பி வந்தது. அதைப் புரிந்துகொள்கிற ஜாவா 8 அப்டேட் 372, வந்தது 2023 ஏப்ரலில். இப்போது அந்த 202லேயே உறைந்த நிறுவனத்தை யோசியுங்கள். ஆபரேஷன்ஸ் டீம் ஒரு வார இறுதியில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸின் நோட்களில் (இயந்திரங்களில்) ஓஎஸ்ஸை மாற்றுகிறது. திங்கட்கிழமை காலையிலிருந்து சர்வீஸ்கள் காரணமில்லாமல் செத்துச் செத்து எழுகின்றன. நிரலில் யாரும் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க அந்த டீம் படும் பாட்டைப் பார்த்தவர்கள் ‘ஓடுவதைத் தொடாதே’ என்று பிறகு சொல்ல மாட்டார்கள். நாம் தொடாவிட்டாலும் சுற்றியிருப்பது நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது.

தினசரி வேலையில் விழுகிற அடியும் உண்டு. வாடிக்கையாளரை எடு, அதிலிருந்து முகவரியை எடு, அதிலிருந்து ஊரை எடு, ட்ரிம் செய் என்று நான்கு அழைப்புகள் ஒரே வரியில் இருக்கின்றன. நல், அதாவது மதிப்பே இல்லாத ஒன்றைத் தொட்டதால் வரும் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் வருகிறது. ஜாவா 8 அந்த வரியின் எண்ணை மட்டும் சொல்லும். நான்கில் எது நல் என்று சொல்லாது. ஜாவா 15இலிருந்து, ‘முகவரியை எடுக்கும் மெத்தட் நல் கொடுத்தது, அதனால் ஊரை எடுக்க முடியவில்லை’ என்று மெத்தட் பெயரோடு சொல்கிறது. சப்போர்ட்டில் இருந்துகொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு புரொடக்‌ஷன் லாக்கை மட்டும் வைத்துக்கொண்டு யோசித்தவர்களுக்கு இந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

தமிழில் டேட்டா கையாளுகிறவர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று. பயனர்களின் பெயரைத் தமிழில் எழுதி ஒரு கோப்பு உருவாக்குகிற ஜாப் இருக்கிறது என்று வையுங்கள். டெவலப்பர் தன் டெர்மினலில் ஓட்டுகிறார், ‘முருகேசன்’ என்று அழகாக வருகிறது. அதே ஜாப் ராத்திரி கிரானில் (நேரம் குறித்துத் தானாக ஓட்டும் வசதியில்) ஓடும்போது எழுத்துக்கு ஒரு கேள்விக்குறியாக வரிசையாக வந்து நிற்கிறது. காரணம், ஜாவா 8 எந்த எழுத்துக் குறியீட்டை இயல்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சூழலிடம் கேட்கிறது. டெர்மினலில் எல்லா மொழிக்கும் பொருந்தும் யூடிஎஃப்-8 அமைத்திருக்கும். கிரானில் அந்த அமைப்பு இருக்காது. ஜாவா அதை ஆங்கில எழுத்துகளை மட்டும் கொண்ட ஆஸ்கி என்று எடுத்துக்கொண்டு, அதில் இல்லாத ஒவ்வொரு எழுத்தையும் கேள்விக்குறி ஆக்கிவிடுகிறது. விண்டோஸ் சர்வரிலும் இதே கதை. ஃபைல்ரைட்டருக்குக் குறியீட்டைச் சொல்லிக் கொடுக்கலாமே என்றால், ஜாவா 8இல் அதற்கு அப்படி ஒரு கன்ஸ்ட்ரக்டரே கிடையாது, 11இல்தான் வந்தது. 2022 மார்ச்சில் வந்த ஜாவா 18இலிருந்து எங்கே ஓடினாலும் இயல்பு யூடிஎஃப்-8 என்று ஆக்கிவிட்டார்கள். ஆங்கிலம் மட்டும் கையாளுகிறவர்களுக்கு இது ஒரு சின்னக் குறிப்பு. நமக்கு அப்படியல்ல, கேள்விக்குறியாகி டிஸ்கில் எழுதப்பட்ட பெயரைத் திரும்ப எடுக்கவே முடியாது.

பழைய வெர்ஷன் காப்பாற்றிய சம்பவங்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச்சில் வந்த, ஸ்பிரிங் லைப்ரரியின் ஸ்பிரிங்4ஷெல் ஓட்டை ஜாவா 9க்கு மேலே ஓடியவர்களைத்தான் தாக்கியது. 8இல் இருந்தவர்கள் தப்பித்தார்கள். அடுத்த மாதமே, ஜாவா 15 முதல் 18 வரையில் டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கும் நிரலில் ஒரு மோசமான ஓட்டை வெளிவந்தது. பூஜ்யங்களை வைத்துச் செய்த கையொப்பத்தைக்கூடச் செல்லும் என்று அது ஏற்றுக்கொண்டது. சி++இல் இருந்ததை ஜாவாவில் திருப்பி எழுதும்போது நுழைந்த பிழை அது. 8க்கும் 11க்கும் பாதிப்பில்லை. ‘பழசே பாதுகாப்பு’ என்று வாதிடுகிறவர்கள் இந்த இரண்டையும் எடுத்துக்காட்டுவார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டிலும் புதிய வெர்ஷனில் இருந்தவர்களுக்குத் திருத்தம் உடனே கிடைத்தது, வெர்ஷன் எண்ணில் கடைசி இலக்கத்தை மாற்றினால் போதுமாக இருந்தது. அப்படி மாற்றிப் பழக்கப்பட்ட டீம் அன்றே மாற்றியது. பழக்கமில்லாத டீம் எந்த வெர்ஷனில் இருந்தாலும் மாட்டிக்கொண்டது.

அதனால் நான் இரண்டு நிலைமைகளைப் பிரித்துப் பார்க்கிறேன். ஜாவா 8இல் இருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் பேட்ச்சைத் தவறாமல் போடுகிற டீம், அப்கிரேட் செய்யும் திறனோடு இருக்கிறது. அது தாமதம்தான், ஆபத்தல்ல. 202லேயே நின்றுவிட்ட டீமுக்கு அந்தத் திறனே போய்விட்டது. கேள்வி கேட்ட நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் ஆபீஸ் இதில் எது என்பதைத்தான். இரண்டு வருடத்தில் மூடப்போகிற சிஸ்டம், வெளி உலகத்தோடு தொடர்பே இல்லாத உள் கருவி போன்றவற்றுக்குப் பேட்ச் மட்டும் போட்டுக்கொண்டு 8லேயே விட்டுவிடுவது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் ‘மூடப்போகிறோம்’ என்பதற்கு எழுத்தில் ஒரு தேதி இருக்க வேண்டும்.

மாறுவது என்று முடிவானால் எப்படி மாறுவது? நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம், எல்லாவற்றையும் ஒரே ரிலீஸில் செய்தது. ஜாவா 8இலிருந்து 17, ஸ்பிரிங் பூட் 2இலிருந்து 3, அதோடு கூடவே ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜ் பெயர்களை ஜகார்த்தா என்று மாற்றுவது, சந்தடி சாக்கில் லாம்டாவாகத் திருத்தி எழுதுவது. ஒரு டெஸ்ட் விழுந்தால் இந்த நான்கில் எதனால் விழுந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. மூன்று மாதம் தனிக் கிளையில் வைத்துப் போராடுவார்கள். அதற்குள் மெயின் கிளை வெகுதூரம் போயிருக்கும். மெர்ஜ் செய்ய முடியாமல் கைவிடுவார்கள். அப்புறம் ஐந்து வருடத்துக்கு அந்தப் பேச்சையே யாரும் எடுக்க மாட்டார்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் ஜாவா 8க்குள்ளேயே கடைசிப் பேட்ச்சுக்கு வாருங்கள். லைசென்ஸ் பயம் இருந்தால் இலவச பில்டு ஒன்றுக்கு மாறுங்கள். இதற்கு நிரலைத் தொடவே வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2021 ஏப்ரலில் வந்த 291இலிருந்து, இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் பழைய 1.0, 1.1 இரண்டும் இயல்பாக முடக்கப்பட்டிருக்கும். பழைய டேட்டாபேஸோடோ பழைய பார்ட்னர் சர்வரோடோ பேசுகிற இணைப்புகள் அங்கே அறுந்துபோகும். அவற்றை முன்கூட்டியே பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, 8இல் இருந்துகொண்டே லைப்ரரிகளை உயர்த்துங்கள். லாம்பாக், மாக்கிட்டோ, கம்பைலர் மாற்றித் தரும் பைட்கோடைத் தொடுகிற எதுவானாலும் முதலில் உடைகிறவை இவைதான். ஒவ்வொரு புதிய ஜாவாவுக்கும் கிளாஸ் கோப்பின் எண் கூடும், 8க்கு 52, 17க்கு 61. பழைய லைப்ரரி 61ஐப் பார்த்தால் தெரியாது என்று கையை விரிக்கும். ஸ்பிரிங் பூட்டை 2.7க்குக் கொண்டுவாருங்கள். இலவச ஆதரவு முடிந்திருந்தாலும் பாலமாக அதுவே நல்லது, ஏனென்றால் அது 8இலும் ஓடும், 17இலும் 21இலும் ஓடும். 11இல் நீக்கப்பட்ட ஜாக்ஸ்-பி போன்றவற்றை இப்போதே தனி டிபென்டன்சியாகச் சேர்த்துவிடுங்கள். 8இலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். ஜேடெப்ஸ் என்ற கருவி ஜேடிகேயோடே வருகிறது, உள்ளறைகளில் கை விட்டிருக்கிற இடங்களை அது காட்டிக்கொடுக்கும்.

இந்தக் கட்டத்தில் சிஐயில் (நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் அமைப்பில்) இரண்டாவது ஜாப் ஒன்று போடுங்கள்: அதே நிரல், அதே டெஸ்ட், ஜாவா 17இல். டெஸ்ட் விழுந்து சிவப்பாக இருந்தாலும் ரிலீஸைத் தடுக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு மூன்று என்று டெஸ்ட்களைப் பச்சையாக்கிக்கொண்டே வரலாம். இன்ஸ்டாகிராம் தன் பைத்தான் 2ஐ 3க்கு மாற்றியபோது தனிக் கிளை போடாமல் மெயின் கிளையிலேயே, இரண்டிலும் ஓடும்படி நிரலை மாற்றிக்கொண்டு, 2017 தொடக்கத்தில் வேலையை முடித்தது. பைத்தான் உலகத்துக்கே அந்தப் பாடம் மெதுவாகத்தான் வந்தது. 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தபோது, ஒரே தாவலில் எல்லாரும் மாறுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். யாரும் தாவவில்லை. 3.3இல் பழைய யூனிகோட் எழுத்துமுறையைத் திரும்ப அனுமதித்த பிறகு, இரண்டு வெர்ஷனிலும் ஓடுகிற நிரலை எழுதுவது எளிதானது. அப்படி எழுத முடிந்த பிறகுதான் நகர்வு வேகம் பிடித்தது. 2015இல் முடிய வேண்டிய 2.7இன் ஆயுளை 2020 ஜனவரி 1 வரை நீட்டித்தார்கள்.

எல்லாம் பச்சையானதும் நிரலை ஓட்டும் ரன்டைமை மட்டும் 17க்கு மாற்றி புரொடக்‌ஷனுக்குப் போங்கள். நிரலை இன்னமும் ஜாவா 8 மொழியாகவே கம்பைல் செய்யலாம், புதிய கம்பைலரில் அதற்கு ‘ரிலீஸ் 8’ என்ற ஆப்ஷன் இருக்கிறது. ஏதாவது தப்பாகப் போனால் பழைய ரன்டைமுக்கு ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடலாம். மேனேஜருக்குத் தூக்கம் வரவைக்கிற விஷயம் இதுதான். பூட் 3ஐயும் ஜகார்த்தா மாற்றத்தையும் அப்புறம், வேறொரு ரிலீஸில் செய்யுங்கள். பெயர் மாற்றங்களில் பெரும்பகுதியை ஓபன்ரீரைட் என்ற கருவி தானாகச் செய்துவிடும்.

கம்பைலும் ஆகி, எக்ஸெப்ஷனும் வராமல், விடை மட்டும் மாறுகிற இடங்களில் டெஸ்டரை உட்கார வையுங்கள். ஜாவா 9இலிருந்து தேதி, எண் வடிவங்களுக்கான தரவு யூனிகோட் கூட்டமைப்பின் சிஎல்டிஆர் என்ற வட்டார வழக்குத் தொகுப்பிலிருந்து வருகிறது, அந்தத் தரவும் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறுகிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் செப்டம்பரின் சுருக்கம் ஜாவா 16இலிருந்து மூன்று எழுத்துக்குப் பதிலாக நான்கு எழுத்து ஆனது. அதனால் ஜூலையில் மைக்ரேட் செய்து ஆகஸ்ட் முழுக்க நன்றாக ஓடிய நிரல் செப்டம்பர் முதல் தேதி காலையில் பார்ஸ் செய்ய முடியாமல் விழும். ஜாவா 20இல், நேரத்துக்கும் ஏஎம் பிஎம்முக்கும் நடுவில் இருந்த சாதாரண இடைவெளி வேறொரு யூனிகோட் இடைவெளியாக மாறியது. கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், ஒப்பிட்டால் பொருந்தாது. கோப்புகளின் எழுத்துக் குறியீடும் அப்படித்தான். 18ஐத் தாண்டினால், பழைய குறியீட்டில் எழுதிவைத்த கோப்புகளை யூடிஎஃப்-8 என்று நினைத்துப் படிக்கும். தேதியை எங்கெல்லாம் எழுத்தாக மாற்றுகிறோம், கோப்பை எங்கெல்லாம் குறியீடு சொல்லாமல் திறக்கிறோம் என்று தேடி, ஒவ்வொரு இடத்திலும் வெளிப்படையாக எழுதிவிடுவதுதான் வழி.

மேனேஜரிடம் பேசும்போது புதிய ஜாவாவின் அம்சங்களான ரெக்கார்டு, டெக்ஸ்ட் பிளாக், வெர்சுவல் த்ரெட் என்று தொடங்காதீர்கள். உங்களுக்கு ஆசை என்றுதான் அவர் காதில் விழும். நீங்கள் பயன்படுத்தும் முக்கியமான லைப்ரரிகள் ஒவ்வொன்றும் 8ஐ எப்போது விட்டது, விடப்போகிறது என்று தேதிகளோடு ஒரு பக்கம் தயார் செய்யுங்கள். கிளையன்ட் கார்டு பணப்பரிவர்த்தனை செய்பவர் என்றால், முக்கியமான பாதுகாப்புப் பேட்ச்களை ஒரு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற பிசிஐ (கார்டுத் துறையின் பாதுகாப்புத் தரம்) விதி அவர் கழுத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பேட்ச் நம் கிளைக்கு வருமா என்று கேளுங்கள். ஸ்டேஜிங்கில் அதே பில்டை 17இல் ஓட்டி, மெமரியையும் ஜிசி (பயன்படாத மெமரியைத் துப்புரவாக்கும் வேலை) இடைநிறுத்தத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். 9இலிருந்து ஆங்கில எழுத்துகள் ஒரு பைட்டில் அடங்கிவிடுவதால் சரங்கள் (எழுத்துத் தொடர்கள்) நிறைந்த அப்ளிகேஷன்களில் மெமரி குறைவது கண்கூடாகத் தெரியும். கிளவுட் பில் கட்டுகிறவருக்கு அந்தப் படம் ஒன்றே போதும். முழு மைக்ரேஷனுக்கு ஒப்புதல் கேட்காதீர்கள். பேட்ச்சுக்கும் இரண்டாவது சிஐ ஜாபுக்கும் மட்டும் கேளுங்கள். அது யாரும் மறுக்க முடியாத அளவுக்குச் சின்னது.

கடைசியாக, உங்கள் திறமை பற்றி. ஜாவா 8இல் வேலை செய்வதால் யாரும் பழசாகிவிட மாட்டார்கள். ஆனால் ஜாவா 8 ஆபீஸ்கள் பலவற்றில் எழுதப்படுவது ஜாவா 6. 2014இலேயே வந்த தேதி ஏபிஐயைத் தொடாமல் இன்னும் சிம்பிள்டேட்ஃபார்மேட்டை ஸ்டாட்டிக்காக வைத்து, இரண்டு த்ரெட் ஒரே சமயத்தில் புகுந்து தேதியைக் குழப்பிவிடுகிற நிரல்கள் எத்தனையோ. உங்கள் கையில் இருக்கிற வெர்ஷனை முழுசாகப் பயன்படுத்துகிறீர்களா என்று முதலில் பாருங்கள். வீட்டு லேப்டாப்பில் 21ஐயோ 25ஐயோ போட்டு, ஆபீஸில் எழுதுகிற மாதிரியான ஒரு சின்னச் சர்வீஸை அதில் எழுதிப் பாருங்கள். இன்டர்வியூவில் புதிய அம்சங்களைப் பட்டியல் போடச் சொல்வார்கள், அதை ஒரு வாரத்தில் படித்துவிடலாம். ‘8இலிருந்து 17க்குப் போகும்போது உங்கள் சிஸ்டத்தில் என்ன உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்’ என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்ல, அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். இன்டர்வியூ எடுக்கிற பக்கத்தில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பதிலை வைத்திருப்பவரைத்தான் நாங்கள் தேடுகிறோம். பேட்ச்சுக்கும் சிஐ ஜாபுக்கும்கூட உங்கள் ஆபீஸ் ஒரு வருடமாக ஒப்புக்கொள்ளவில்லை என்றால், வேறு இடம் தேடுவதில் தவறில்லை. ஒப்புக்கொண்டால், அந்த இரண்டாவது ஜாபுக்கு நீங்களே பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.